கோர்லைக் கோட்டையும் நம் வீட்டுத் தமிழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற தை மாதத்தில், குடியரசு நாள் விடுமுறையன்று, நம் காலனியைச் சேர்ந்த 11 குடும்பங்கள் கொங்கணக் கடற்கரையிலுள்ள கோர்லை என்னும் சிற்றூருக்குச் சென்று வந்தோம். அங்கே மலைமேல் ஒரு கோட்டையும், அக்கோட்டையினுள்ளே ஒரு பழைய மாதா கோயிலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் போய்வந்தவர்கள் சார்பில் யாரேனும் பேசவேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டார். இரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதிப் பழகிய கையேயன்றி, மேடையேறிப் பழகிய நா எங்களுக்கு இல்லை. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுபோயிற்று. ஆயினும் இப்பொறுப்பை விரும்பியே ஏற்றோம். ஏன் ஏற்றோம் என்பது உரை முடிவதற்குள் உங்களுக்கு விளங்கிவிடும்.

விடிவதற்கு முன்பே கல்யாணிலிருந்து பஸ் புறப்பட்டது. புளியோதரை ஓர் அண்டா, தயிர்ச்சோறு ஓர் அண்டா, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. சுமை ஏற்றி முடிந்தபோது, “இது உல்லாசப் பயணமா, குடிபெயர்ச்சியா?” என்று டிரைவர் கேட்டார். இரயில்வேக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இரயில் போகாத ஊருக்குப் பஸ்ஸில் போகிறார்களே என்று பெண்கள் வழியெல்லாம் பரிகாசம் செய்தார்கள். பன்வேல், பேண், அலிபாக் ஆகிய ஊர்களைக் கடந்து ரேவ்தண்டாவை அடைந்தோம். கொங்கண இரயில்வே தொடங்குகின்ற ரோஹா நிலையத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். அவ்வூரை ஒட்டி வருகிற குண்டலிகா ஆறுதான் ரேவ்தண்டாவில் கழிமுகமாக விரிந்து அரபிக் கடலோடு கலக்கிறது. வடகரையில் ரேவ்தண்டா, தென்கரையில் கோர்லை. பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்ததும், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மலைமுதுகு கண்ணுக்குத் தெரிந்தது. முதலை ஒன்று வாலைக் கரையில் விட்டு, தலையைக் கடலில் நீட்டிப் படுத்திருப்பது போன்ற தோற்றம். அம்முதுகின்மேல் நெடுகிலும் மதில்.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறோம், குழந்தைகள் பொறுத்தருள்க. ரேவ்தண்டாவை அடுத்த சௌல் மிகத் தொன்மையான துறைமுகம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்க மாலுமிக் குறிப்பில் காணும் செமுல்லா என்னும் பட்டினம் இதுவே என்பர் அறிஞர். 1508-இல் இத்துறைமுகத்தருகே பெரியதொரு கடற்போர் நிகழ்ந்தது. எகிப்தியக் கப்பற்படையும் குஜராத்துக் கப்பற்படையும் ஒன்றுசேர்ந்து போர்த்துக்கீசியரை எதிர்த்தன. போர்த்துக்கீசிய ராஜப்பிரதிநிதி அல்மெய்தாவின் மகன் அப்போரில் மாண்டான். தோற்றும் அவர்கள் போய்விடவில்லை. 1521-இல் அகமதுநகர் நிஜாம்ஷாவின் இசைவு பெற்று வடகரையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். தென்கரை மலைமீதும் அவர்களுக்கு ஒரு கண் இருந்தது. அம்மலை எவர் கையில் உள்ளதோ, ஆற்றுவாயிலின் சாவியும் அவர் கையில் அல்லவா? ஆகவே அகமதுநகரத்தார் அதனை விட்டுக்கொடாமல் தாங்களே அரண் அமைத்தார்கள். 1594-இல் போர்த்துக்கீசியர் போரிட்டு அதனைக் கைப்பற்றி, தங்கள் முறைப்படி பெரிய கோட்டையாக வளர்த்தார்கள். 1739-இல் பேஷ்வா பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா வஸாய்க் கோட்டையை வென்றார். மறு ஆண்டில் சௌலும் கோர்லையும் மராட்டியர் வசமாயின. போர்த்துக்கீசியர் கப்பலேறிப் போனார்கள். போர் வரலாறு இவ்வளவுதான்.

மலையின் மேற்குப் புறத்தில், கடலைப் பார்த்தபடி, 1955-இல் அமைந்த கலங்கரை விளக்கம் இருக்கிறது. அங்கிருந்து படிவழியே மேலேறினோம். வயதானவர்களைக் கைப்பிடித்து ஏற்றினோம். பிள்ளைகளோ எங்களுக்கு முன்பே உச்சியை எட்டிவிட்டார்கள்.

கோட்டையின் நீளம் 2,800 அடிக்கு மேல். சராசரி அகலமோ 90 அடிகூட இல்லை. நம் தொழில் வழக்கில் சொல்வதானால், 24 பெட்டிகள் கோத்த எக்ஸ்பிரஸ் வண்டியைப் போல் ஒன்றரை மடங்கு நீளம். ஒரே ஒரு பெட்டியின் நீளத்தைவிடச் சற்றே கூடிய அகலம். மலைமுதுகு குறுகியதாகையால் கோட்டையும் குறுகியது. வெளியும் உள்ளுமாக 11 வாயில்கள். பகைவன் ஒரு வாயிலைக் கடந்தால் அடுத்த வாயிலில் தடுக்கலாம். அதனையும் கடந்தால் அதற்கடுத்த வாயிலில் தடுக்கலாம். துருவேறிய பீரங்கிகள் புல்லினிடையே படுத்துக் கிடக்கின்றன. மழைநீரைத் தேக்கும் தொட்டியும் உண்டு. முற்றுகைக் காலத்தில் மதிலைவிடத் தண்ணீரே பெரிய காவல் என்பதை அறிந்து கட்டியிருக்கிறார்கள்.

இத்தனை வாயில்களுக்கும் பீரங்கிகளுக்கும் நடுவே நிற்கிறது அந்த மாதா கோயில். கூரை என்றோ போய்விட்டது. சுவர்கள் நிற்கின்றன; வளைவுகள் நிற்கின்றன. திருப்பலி நிகழ்ந்த மேடைப் பக்கத்தில் காட்டுச்செடி முளைத்திருக்கிறது. சாளரத்தின் வழியாகப் பார்த்தால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சிப்பாய்கள் போருக்குமுன் முழந்தாளிட்ட இடத்தில் எங்கள் காலனிப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். தடுக்க மனம் வரவில்லை. சிரிப்பொலி கேட்டு எத்தனை காலமாயிற்றோ அச்சுவர்களுக்கு!

கோயிலுக்கு எதற்குக் கோட்டை என்ற கேள்வி எங்களுள் எழுந்தது. இவ்வழக்கம் புதியதன்று. ஐரோப்பாவின் கடற்கரை ஊர்களில் கோயிலையே கோட்டையாகக் கட்டியதும் உண்டு. பிரான்சு நாட்டின் தென்கரையில் செந்த்-மரி-த-ல-மேர் என்னும் மீனவர் ஊரில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கோயில் இன்றும் இருக்கிறது. கனத்த சுவர், உச்சியில் மறைந்து நின்று போரிடக் கொத்தளம், கோயிலுக்குள்ளேயே ஒரு கிணறு. கடற்கொள்ளைக்காரர் வந்தால் ஊரார் எல்லோரும் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். அங்கே ஏழை எளியவர் உயிர் பிழைப்பதற்காகக் கோயில் கோட்டையாயிற்று. கோர்லையிலோ படையோடு வந்தவர்கள், படை நிறுத்திய இடத்தில் கடவுளுக்கும் ஓர் அறை ஒதுக்கினார்கள். இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. நமக்கு அருமையானது எதுவோ அதனைச் சுற்றி மதில் எழுப்பினால் அது நிலைக்கும் என்று மனிதன் நம்புகிறான்.

நிலைத்ததா? அதனைக் காண மலையிலிருந்து இறங்கவேண்டும். கோர்லையில் நாங்கள் கண்ட அதிசயம் மேலே இல்லை, கீழே இருந்தது.

மலையடிவாரத்தில் கிறிஸ்தவ மக்கள் வாழும் சிறு குடியிருப்பு இருக்கிறது. அவர்களுக்குக் கார்மல் மாதா பெயரால் ஒரு கோயில் உண்டு. அதற்கு மதில் இல்லை, கொத்தளம் இல்லை, பீரங்கி இல்லை. வெள்ளையடித்த சுவர், திறந்த கதவு. மேலேயுள்ள கோயிலில் கூரை இல்லை. இங்கே விளக்கு எரிகிறது. அக்கோயிலின் அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு மூதாட்டி கருவாட்டைப் பிரித்துப் பரப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அவர் மராட்டியில் விடை சொல்லி, செம்பு நிறையத் தண்ணீர் தந்தார். பிறகு உள்ளே திரும்பிப் பேரப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அது மராட்டி அன்று, கொங்கணி அன்று, இந்தியும் அன்று. பேரனும் அம்மொழியிலேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, மணை ஒன்றை எடுத்துவந்து போட்டான்.

“இது என்ன பாஷை, ஆஜி?” என்று கேட்டோம். மராட்டி வழக்கில் பாட்டியை அப்படித்தான் அழைக்க வேண்டும்.

“எங்கள் பாஷை” என்றார் அவர்.

அவ்வளவே விடை. மொழிநூலார் ‘கோர்லைப் போர்த்துக்கீசிய மொழி’ என்று எழுதுகிறார்கள். அக்கம்பக்கத்தார் ‘கிரிஸ்தி’ என்கிறார்கள். அம்மக்களோ ‘நோ லிங்’ என்கிறார்கள். ‘நம் மொழி’ என்பதே அதன் பொருள். அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். படை போயிற்று, கப்பல் போயிற்று, கோட்டைக் கோயிலின் கூரை போயிற்று. 280 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆனால் அம்மொழியின் வழிவந்த ஒரு பேச்சு, ஏறக்குறைய ஆயிரம் பேர் மட்டுமே உள்ள ஒரு கிராமத்தில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், பாட்டியின் வாயிலும் பேரனின் வாயிலும் உயிரோடு இருக்கிறது! நாங்கள் திகைத்து நின்றோம்.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தோம். கிளான்சி கிளெமென்ட்ஸ் என்னும் அமெரிக்க மொழிநூலறிஞர் இக்கிராமத்து மொழியை ஆராய்ந்து 1996-இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். அம்மக்கள் போர்த்துக்கீசியச் சீமான்களின் வழித்தோன்றல்கள் அல்லர். பெரும்பாலும் இம்மண்ணின் எளிய மக்கள். கோட்டையையும் அதைச் சார்ந்த குடிகளையும் அண்டிப் பிழைத்து, கிறிஸ்தவர்களாகி, அவர்கள் மொழியைத் தம் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டவர்கள். 1740-இல் எசமானர்கள் போனபின் இவர்கள் இங்கேயே தங்கினார்கள். சாதியாலும் சமயத்தாலும் அக்கம்பக்கத்து மக்களிடமிருந்து ஒதுங்கி வாழ நேர்ந்தது. கோயில் வழிபாடு போர்த்துக்கீசிய மொழியில் நெடுங்காலம் நடந்தது. 1960-களில்தான் அது மராட்டிக்கு மாறியது.

இன்னொரு செய்தி எங்களுக்கு மிகுந்த வியப்பளித்தது. போர்த்துக்கீசிய மொழியில் ‘நான் உண்டேன் சோறு’ என்ற முறையில்தான் வாக்கியம் அமையும். கோர்லை மக்களோ மராட்டிப் பழக்கத்தால், நம்மைப் போலவே, ‘நான் சோறு உண்டேன்’ என்று வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிறார்கள். அண்டைவீட்டு மொழி உள்ளே வந்து வாக்கியத்தையே மாற்றி அமைத்துவிட்டது. ஆயினும் மொழி செத்துவிடவில்லை. வளைந்து கொடுத்துப் பிழைத்தது. மதில் வளைந்து கொடுக்காது, ஆகவே இடிகிறது. பேச்சு வளைந்து கொடுக்கும், ஆகவே வாழ்கிறது.

போர்த்துக்கீசியம் நமக்கும் முற்றிலும் அந்நியமன்று. நம் வீட்டுக்குள் அது எப்போதோ வந்துவிட்டது. ஜன்னல், மேசை, சாவி, அலமாரி, துவாலை ஆகிய சொற்கள் எல்லாம் அவ்வழியில் வந்தவையே. எங்கள் பார்சல் ஆபீசில் நாள்தோறும் வழங்கும் ‘ஏலம்’ என்னும் சொல்லும் அவர்கள் தந்ததே. 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் முதன்முதலாக அச்சேறியபோது, தமிழ் எழுத்தில் அச்சாகவில்லை. ரோமானிய எழுத்தில்தான் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்து அப்போது இல்லாத குறை. இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். இன்று எழுத்துக்கு என்ன குறை? கைபேசியிலேயே தமிழெழுத்து இருக்கிறது. கற்பிக்காத குறை நம்முடையதே.

அந்த மூதாட்டியிடம் எங்கள் வீட்டுப் பெண்கள் மேலும் ஒரு கேள்வி கேட்டார்கள். “இந்தப் பாஷையால் பள்ளிக்கூடத்தில் மார்க்கு இல்லை, வேலையும் இல்லை. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?” என்று கேட்டார்கள்.

மூதாட்டி கருவாட்டைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லிக்கொடுப்பதா? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பேசினோம்” என்றார்.

சபையோர்களே, இந்த ஒரு விடையை உங்களிடம் சேர்ப்பிக்கவே இம்மேடை ஏறினோம்.

இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தாயார் தென்காசிப் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். கோர்லைப் பயணத்துக்குச் சில வாரம் முன்பு, எங்கள் இளைய மகனிடம் கைபேசியைக் கொடுத்து, “ஆச்சியிடம் பேசு” என்றோம். பிள்ளை நன்றாகத்தான் பேசினான்: பள்ளியில் நடந்த ஓட்டப்பந்தயத்தை இந்தியும் ஆங்கிலமுமாக உற்சாகத்தோடு விவரித்தான். பிறகு கைபேசி எங்கள் கைக்கு வந்தது. தாயார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “புள்ள நல்லாத்தாம்ல பேசுதான். எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கமாட்டேங்கு.”

குறை சொல்லவில்லை அவர். குறை தம்முடையது என்றே சொன்னார். அச்சொல் அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை. பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே அம்மதிலைக் கட்டியது யார்? வெளியார் எவருமல்லர், நாங்களே. பள்ளியில் பின்தங்கிவிடுவானோ என்று அஞ்சி, வீட்டிலும் அவனிடம் இந்தியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் பேசியவர்கள் நாங்கள். பார்சல் ஆபீசில் தினந்தோறும் கல்லாகக் கல்லாக அடுக்கியது போதாதென்று வீட்டிலும் அடுக்கியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. சென்ற ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றிய பேச்சு வந்தது நினைவிருக்கும். ஒரு காலத்தில் பாய் போதாமல் வராந்தாவிலும் பிள்ளைகள் அமர்ந்து அகரம் எழுதிய வகுப்பு அது. இப்போது வருவோர் 6 பேர். அந்த ஆறு பேருக்காக ஓர் அறையை அடைத்துவைப்பானேன், வேறு வகுப்புக்கு வாடகைக்கு விடலாமே என்ற யோசனை எழுந்தது. பலர் கை தூக்கினார்கள். எங்கள் கையும் உயர்ந்தது. எங்கள் மகன் அவ்வகுப்பிலிருந்து நின்று அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. நின்றவன் தகப்பனே மூடச்சொல்லிக் கை தூக்கினான். இதைவிட நாங்கள் சொல்லக்கூடியது வேறில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தூர தேசத்திலிருந்து ஒரு மூட்டை வந்து சேரும். கட்டு உறுதியாகத்தான் இருக்கும். உள்ளே பொருளும் நல்ல பொருளாகத்தான் இருக்கும். ஆனால் உரியவர் வந்து கேட்கமாட்டார். குறித்த காலம் காத்திருப்போம், அறிவிப்பு அனுப்புவோம். பிறகும் ஒருவரும் வராவிட்டால் அது ஏலத்துக்குப் போகும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் வட ஆர்க்காட்டிலும் கட்டி, வண்டியேற்றி இவ்வளவு தூரம் அனுப்பிய ஒரு மூட்டை நம் காலனி வாசலில் கிடக்கிறது. கேட்டு எடுக்க ஆள் வேண்டும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. கோர்லையைப் பார்த்துவிட்டு வந்து, “நாமும் ஒதுங்கி வாழ்வோம், சுற்றிலும் வேலி போட்டுக்கொள்வோம்” என்று சொல்ல வரவில்லை. அவர்கள் ஒதுங்கியது விரும்பி அன்று, ஒதுக்கப்பட்டதால். அந்நிலை எவர்க்கும் வரவேண்டாம். நமக்கு இம்மாநிலம் சோறு போடுகிறது. அடுத்த வீட்டு மராட்டி அம்மாள் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொண்டுவந்து, இனிமையாகப் பேசுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போகிறார். நம் பிள்ளைகள் மராட்டியைத் திருத்தமாகப் பேசவேண்டும். இந்தியும் ஆங்கிலமும் நன்றாகக் கற்கவேண்டும். குழந்தையின் நாவில் நான்கு மொழிக்கு இடமுண்டு. அந்தக் கோர்லைப் பேரனே எங்களிடம் மராட்டியிலும் பாட்டியிடம் தன் மொழியிலும் தடுமாறாமல் பேசினான். ஒன்றை வாங்க ஒன்றை விற்கவேண்டும் என்ற கணக்கு எங்கள் தலைமுறை தப்பாகப் போட்ட கணக்கு.

கோர்லையிலும் இன்று நிலைமை மாறிவருகிறது. பாலம் வந்தது, பள்ளி வந்தது, தொலைக்காட்சி வந்தது. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். வழிபாடும் மராட்டியில் நடக்கிறது. ஒதுக்கம் என்னும் பழைய மதில் இடிந்துவருகிறது, அது நல்லதுதான். இனி அம்மொழியைக் காப்பது மதில் அன்று. அந்தத் திண்ணை ஒன்றே. பாட்டி பேசினால் பேரன் பேசுவான். பேரன் பேசினால் அவன் மகன் பேசக்கூடும். நம் நிலையும் இதுவே. அவர்கள் ஆயிரம் பேர். நமக்கோ பின்னால் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். தமிழ் அழிந்துவிடாது; அச்சமில்லை. ஆனால் நம் காலனியில் 14-ஆம் எண் வீட்டிலோ 32-ஆம் எண் வீட்டிலோ அது நின்றுபோனால், தமிழ்நாடே திரண்டாலும் அவ்வீட்டில் அதை மீண்டும் பேசவைக்க முடியாது. மொழி நாட்டில் வாழ்கிறது என்று நினைக்கிறோம். இல்லை, அது வீட்டில்தான் வாழ்கிறது.

ஆகவே சபையின் முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறோம். ஒன்று: அடுத்த பொதுக்குழுவில் தமிழ் வகுப்பைப் பற்றிய தீர்மானத்தை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்ற முறை உயர்ந்த எங்கள் கை இம்முறை உயராது. அறை வாடகையால் வரவேண்டிய தொகை குறையுமென்றால், பயணம் சென்ற 11 குடும்பங்களும் மாதச் சந்தாவுக்கு மேல் தங்களால் இயன்றதைத் தர இசைந்திருக்கிறோம். பாடம் நடத்தும் அம்மையாருக்கு விடுமுறை வேண்டும் ஞாயிறுகளில் எங்களுள் எழுத்தறிந்தவர் எவரேனும் வந்து கரும்பலகைமுன் நிற்போம்.

இரண்டாவது விண்ணப்பம் சங்கத்துக்கு அன்று, வீடுகளுக்கு. வாரத்தில் இரண்டு மணி நேர வகுப்பு எழுத்தைத் தரும், பேச்சைத் தராது. இராச்சாப்பாட்டு வேளையிலாவது வீட்டில் தமிழே பேசுவோம். பிள்ளைகள் பிழையாகப் பேசினால் நகைக்க வேண்டாம். ‘நான் போனேன்’ என்பதற்கு ‘நான் போனான்’ என்று சொன்னால் சொல்லட்டும். நாம் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும். அவர்கள் காது திருத்திக்கொள்ளும். கோர்லையில் இலக்கண நூல் இல்லை, பேச்சு இருந்தது.

எங்கள் வீட்டில் இதைத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டுகளின் ஓசை மட்டுமே கேட்டது. பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் வாரம் “இன்னொரு அப்பளம்” என்பது வந்தது. தேவைதான் மொழிக்கு முதல் ஆசிரியர். சென்ற ஞாயிறன்று கைபேசியை மகன் தானாகவே கேட்டு வாங்கினான். நாலைந்து முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டதை நாங்கள் கவனித்தோம். பிறகு, “ஆச்சி, சாப்ட்டியளா?” என்றான்.

மறுமுனையில் தாயார், “யாருய்யா பேசுதது?” என்று கேட்டார்.

“நான்தான் ஆச்சி” என்றான்.

அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கைபேசியை எடுத்துக்கொண்டு அவன் பால்கனிக்குப் போய்விட்டான்.